சபரிநாதனின் நிவாரணத்துக்கான மசோதா

காலை ஆறரைக்கு எழுந்துகொள்வேன். பல் துலக்கிவிட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். காபித்தூள், சர்க்கரை, அடுப்பை அணைப்பது. போர்வையை மடிப்பேன். படுக்கையின் ஒரு பக்கம் கலைவதில்லை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். குளித்துவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவேன். எங்கும் போக வேண்டியதில்லை. இருந்தாலும் போடுவேன். நூலகம் பத்து மணிக்குத் திறக்கும். நடந்து போவேன். மில்பிடாஸில் யாரும் நடப்பதில்லை. கார்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, இவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துவிட்டு வழி விடுவார்கள்.

2000-ஆம் ஆண்டு மே மாதம் இந்த வழக்கத்தில் ஒரு வேலை சேர்ந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் டக்ளஸ் ஹெம்ரிக்கின் பின்னணி, பதவிகள், சொத்து நிலவரம் ஆகியவற்றைத் திரட்டி ஓர் அறிமுக உரை எழுத வேண்டும். காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அந்தக் கட்சி அங்கயும் இருக்குதா?" என்று கேட்டாள். விளக்கவில்லை. நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது.

வேலையைக் கொடுத்தவர் கோபாலசாமி. உடுமலைப்பேட்டைக்காரர். மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் சிறிய கம்பெனி வைத்திருந்தார். எங்களுக்கு உறவில்லை. ஒரே வட்டாரத்துக்காரர்கள், அவ்வளவுதான். மார்ச் மாதம் என் மனைவி எழிலரசி இறந்தாள். அன்றிலிருந்து என் விஷயம் எல்லாம் அவருடைய விஷயமாகிவிட்டது.

எழிலரசிக்கு இருபத்தெட்டு வயது. சிப் வடிவமைக்கும் எஞ்சினியர். அலுவலகத்தில் மீட்டிங்கின் நடுவே தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அவளுடைய மேனேஜர் எனக்குப் போன் செய்து அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார். அது சரியான தகவல் இல்லை.

விசா அவளுடையது. நான் அவளைச் சார்ந்து எச்-4 விசாவில் வந்தவன். ஈரோட்டில் ஒரு கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆனதும் அதை விட்டுவிட்டு வந்தேன். இங்கே வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. க்ரீன் கார்டு மனுவும் அவள் பெயரில்தான் போட்டிருந்தது. சான் ஹோசேயில் இருக்கும் வக்கீல் ராமசுப்ரமணியன் எனக்கு நிலைமையை எடுத்துச் சொன்னார். மனுதாரர் இறந்தால் மனுவும் இறந்துவிடும். அதைச் சார்ந்திருப்பவருக்கு இங்கே இருக்க வழியில்லை. அவர் இதற்கு முன்பும் பலரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கேயும் தடுமாறவில்லை.

எனக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை. காரணம் எளிது. கல்யாணமாகி இரண்டு வாரத்தில் இங்கே வந்துவிட்டோம். அந்த இரண்டு வாரமும் விருந்துக்கு வீடு வீடாகப் போனோம். நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது முழுக்க மில்பிடாஸில், அந்த ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மெண்டில். ஈரோட்டில் அவள் இருந்ததற்கு ஓர் அடையாளமும் கிடையாது. போய் இறங்கினால் கல்யாணம் ஆகாதவன் திரும்பி வந்த மாதிரிதான் இருக்கும். அம்மா மறுபடி எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியும் விட்டாள். "முப்பத்தொண்ணு ஒரு வயசாடா?" என்று இரண்டு முறை கேட்டிருந்தாள்.

இதையெல்லாம் நான் கோபாலசாமியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"வக்கீல் கெடக்கறான் தம்பி. அவன் சட்டத்தப் படிக்கறவன். நாம சட்டம் போடறவனப் புடிப்போம்," என்றார்.

"புடிச்சு?"

"உங்களுக்குன்னு ஒரு சட்டம் போடச் சொல்லுவோம்."

"ஒரே ஒரு ஆளுக்கா அங்கிள்?"

"ஒரே ஒரு ஆளுக்குத்தான். உங்க பேர்லயே வரும். இந்த ஊர்ல அப்பிடி ஒண்ணு இருக்குது."

நூலகத்தில் பார்த்தேன். இருந்தது. தனிநபர் மசோதா. எல்லா மசோதாக்களுக்கும் தலைப்பு ஒரே மாதிரி: இன்னாரின் நிவாரணத்துக்காக. என்னுடையது சபரிநாதனின் நிவாரணத்துக்காக என்று வரும். பெரும்பாலானவை நிறைவேறுவதில்லை. ஆனால் பரிசீலனையில் இருக்கும் வரை ஆளைப் பெரும்பாலும் வெளியேற்ற மாட்டார்கள் என்று ராமசுப்ரமணியன் சொன்னார். ஓர் உறுப்பினர் தாக்கல் செய்தால் போதும். எங்கள் தொகுதியின் உறுப்பினர் ஹெம்ரிக். அவருடைய உள்ளூர் அலுவலகத்தை லிண்டா என்பவர் கவனித்தார். ஐம்பது வயது இருக்கும். என் காகிதங்களை வாங்கி முழுவதும் படித்தார். அவருடைய கண்கள் கலங்கின. என் கண்களைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லாததால் மறுபடி காகிதத்தைப் பார்த்தார். உறுப்பினர் மசோதாவைத் தாக்கல் செய்ய விரும்புகிறார், ஜூலையில் செய்யலாம் என்று பத்து நாளில் பதில் வந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவர் நமக்கு ஒன்று செய்யும்போது நாம் சும்மா இருப்பது கோபாலசாமிக்கு ஒத்துவராது.

"அவரு நவம்பர்ல எலெக்‌ஷன்ல நிக்கறாரு. நம்ம ஊட்ல ஒரு விசேஷம் வெச்சுருவோம்."

"விசேஷமா?"

"ஃபண்ட்ரைஸர். விசேஷத்துக்கு இங்க அதுதான் பேரு."

சட்டத்தை அவர் கவனிக்காமல் இல்லை. நன்கொடை விதிகளை எங்கிருந்தோ வாங்கி வந்து பலமுறை படித்தார். குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருப்பவர்கள் மட்டும்தான் கொடுக்கலாம். ஒருவர் ஒரு தேர்தலுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. இந்த ஆயிரம் அவரைத் தொந்தரவு செய்தது.

"ஆயிரத்தொண்ணு எழுதக் கூடாதாமா. மொட்டையா ஆயிரம்னு எப்பிடிக் குடுக்கறது?"

அவருடைய மனைவி கண்மணி ஆண்ட்டி காய் நறுக்கியபடியே, "உங்க பேர்ல ஐநூத்தியொண்ணு, என்ற பேர்ல ஐநூத்தியொண்ணு எழுதுங்க. வாயப் பொளந்துட்டு நிக்காதீங்க," என்றார். பிரச்சினை தீர்ந்தது.

நான் நூலகத்தில் உட்கார்ந்து ஹெம்ரிக்கைப் படித்தேன்.

பின்னணி: 1938-இல் பிறந்தவர். தகப்பனாருக்கு சான் ஹோசே பக்கத்தில் ஆப்ரிகாட் தோட்டம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் சிப் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்தில் இரண்டு வருடம், ஜெர்மனியில், சமையல் பிரிவில். பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். 1963-இல் திருமணம். 1974-இல் மனைவி மரணம். அடுத்த வரியில் 1976, நகர சபைக்குத் தேர்வு. நடுவில் இருந்த இரண்டு வருடத்தைப் பற்றி நூலகத்தில் இருந்த உறுப்பினர் கையேட்டில் எதுவும் இல்லை. 1979-இல் மறுமணம்.

பதவிகள்: நகர சபை எட்டு ஆண்டு, மாநில சட்டமன்றம் நான்கு ஆண்டு, 1988 முதல் காங்கிரஸ். விவசாயக் கமிட்டியில் உறுப்பினர். தொகுதியில் விவசாயம் இல்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் பெயரில் நிறைவேறிய சட்டங்கள் மூன்று. ஒன்று ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டியது. இன்னொன்று ஒரு வாரத்தை உலர்பழ வாரமாக அறிவித்தது. மூன்றாவது நீர்ப்பாசனம் சம்பந்தப்பட்டது. அதை இரண்டு முறை படித்தும் எனக்குப் புரியவில்லை.

சொத்து: இதில்தான் எனக்குப் பயிற்சி உண்டு. உறுப்பினர்கள் வருடாவருடம் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் தொகையைச் சொல்லத் தேவையில்லை, எந்த வரம்புக்குள் வருகிறது என்று சொன்னால் போதும். ஆயிரத்து ஒன்றிலிருந்து பதினைந்தாயிரம் வரை. பதினைந்தாயிரத்து ஒன்றிலிருந்து ஐம்பதாயிரம் வரை. இப்படியே போகிறது. ஹெம்ரிக்கிடம் ஒரு வாடகை வீடு, மனைவி பெயரில் பங்குகள், ஒரு மீன்பிடிப் படகில் பாதிப் பங்கு, இரண்டு கடன்கள் இருந்தன. சொத்துக்கு எல்லாம் குறைந்தபட்சத்தையும் கடனுக்கு அதிகபட்சத்தையும் வைத்துக் கூட்டினால், அவர் ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர் கடனில் இருந்தார். மாற்றிப் போட்டுக் கூட்டினால் ஏழு லட்சத்துக்கு அதிபதி. இரண்டுமே சட்டப்படி சரி. பங்கு விலை தினமும் ஏறி இறங்கிய அந்த வருடம் சிலிக்கான் பள்ளத்தாக்கில் எல்லோருடைய நிலைமையும் ஏறக்குறைய இதுதான்.

படகு சமாசாரத்தை உரையில் சேர்த்தேன். கடனைச் சேர்க்கவில்லை.

விசேஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. கோபாலசாமி வீட்டின் பின்புறம் பந்தல் போட்டிருந்தார்கள். கட்சிக்காரர்கள் கொண்டுவந்த நீலப் பலூன்களுக்கு நடுவே மாவிலைத் தோரணம். எச்-1 என்ற வேலை விசாவில் இருந்தவர்கள் தனியாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்கல்லாம் சாப்புட்டுட்டுப் போலாம். பாக்கெட்ல கைய விடப்புடாது," என்று கோபாலசாமி அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்.

ஹெம்ரிக் உயரமாக, கொஞ்சம் கூனலாக இருந்தார். என் கையைப் பிடித்து, உங்கள் மனைவிக்காக வருந்துகிறேன் என்றார். நன்றி சொன்னேன். கையை உடனே விடவில்லை. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ கேமராவோடு வந்துவிட்டார்கள்.

அறிமுக உரையை வாசித்தேன். உலர்பழ வாரத்துக்குக் கைதட்டல் விழுந்தது. அவர் ஐந்து நிமிடம் பேசினார். இங்கே குடியேறி வந்தவர்கள் கடினமாக உழைக்கிறார்கள் என்றார். ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தோசை வந்தது. லிண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்னியின் காரம் தாங்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கிட்டுசாமி மைக்கைப் பிடித்தார். கிட்டுசாமி கோபாலசாமியின் மைத்துனர். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஊரில் அவர்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மொய் எழுத உட்காருவது இவர்தான். இங்கேயும் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைத்து உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, சந்தனம், செக்குகள். யார் செக் வைத்தாலும் மைக்கில் அறிவித்தார். விருந்தாளிக்குப் புரியாமல் போகக் கூடாது என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னார்.

"காங்கேயம் வெங்கடாசலம் குடும்பத்தார், தம்பி சபரிநாதன் சட்டத்துக்கு, நூத்தியொண்ணு."

ஆங்கிலம் தெளிவாக இருந்தது. சபரிநாதனின் மசோதாவுக்காக, நூற்றியொரு டாலர்.

"தாராபுரம் பாலசுப்ரமணியன், சபரிநாதன் சட்டத்துக்கு, இருநூத்தியொண்ணு."

மறுபடி ஆங்கிலம். லிண்டா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. வேறு மாதிரி ஒரு பதில் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கோபாலசாமி வந்துவிட்டார். விருந்தாளி தங்கள் வழக்கத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று அவருக்குச் சந்தோஷம். நிதானமாக, ஒன்றும் விட்டுப்போகாமல் விளக்கினார். இது எங்கள் முறை, மேடம். என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் கொடுப்பீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தப்பு. அதனால்தான் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கிறோம். கொடுக்கவில்லை, வாங்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

"அந்த ஒரு டாலர்?" என்று லிண்டா கேட்டார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"கணக்கு இத்தோடு முடியவில்லை, இன்னும் நடக்கும் என்று அர்த்தம்," என்றார் கோபாலசாமி.

லிண்டா எழுந்து போய் ஹெம்ரிக்கின் காதில் ஏதோ சொன்னார். ஹெம்ரிக்கின் கையில் பாதித் தோசை இருந்தது. அதைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். என்னைத் தேடிப் பார்த்தார், கண்டுபிடித்தார், தலையை ஒரு முறை அசைத்தார். அவர்களுடைய கார் கிளம்பும்போது கிட்டுசாமி, கோபாலசாமி தம்பதியின் ஐநூத்தியொண்ணை இரண்டாவது முறையாக ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தார். வழியனுப்பக்கூட நேரம் இல்லாமல் போயிற்றே என்று கண்மணி ஆண்ட்டி வருத்தப்பட்டார். பொட்டலமாகக் கட்டி வைத்திருந்த மைசூர்பாகை எச்-1 பையன்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் லிண்டா போன் செய்தார். அலுவலகம் என் விஷயத்தில் இனி எதையும் தொட முடியாது என்றார். மசோதாவோ கடிதமோ தொலைபேசி விசாரிப்போ, எதுவும். இப்போது ஏதாவது செய்தால் அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது, உறுப்பினர் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும் என்றார். இதைச் சொல்லும்போது அழுதார். பரவாயில்லை என்று நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அந்த வாரமே செக்குகள் தபாலில் திரும்பி வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக. கோபாலசாமி இரண்டு நாள் கம்பெனிக்குப் போகவில்லை.

"வெச்ச மொய்ய எவனாச்சும் திருப்பி அனுப்புவானா தம்பி? பகையாளி வெச்சாக்கூட வாங்கிக்குவமே."

"அவங்களுக்கு அது லஞ்சம் மாதிரி தெரியுது அங்கிள்."

"ஒளிச்சுக் குடுத்தாத்தானுங்களே லஞ்சம்? மைக் போட்டுக் குடுத்தமே."

"மைக் போட்டதுதான் பிரச்சின," என்றார் கண்மணி ஆண்ட்டி. "போதும், விடுங்க. அந்தப் பையனப் பாருங்க. ஒரு வார்த்த உங்களக் கேக்குதா?"

நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர் என் பெயரை ஊர் முன்னால் உரக்கச் சொல்ல வைத்தார். உண்மையில் அப்படித்தான் செய்ய வேண்டும், எங்கள் ஊராக இருந்தால்.

ராமசுப்ரமணியனிடம் கடைசியாக ஒரு வழி இருந்தது. குடியேற்ற அலுவலகத்தின் மாவட்ட இயக்குநருக்கு மனிதாபிமான அடிப்படையில் ஒரு விண்ணப்பம். நிராகரிக்கவும் செய்யலாம். ஆனால் இயக்குநர் இளகிய மனம் உள்ளவர், மனதைத் தொடும்படி ஏதாவது இருந்தால் நல்லது என்றார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அதற்காக கோபாலசாமி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினோம். வக்கீல் என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். அதன் நடுப்பகுதிக்கு உதவியது கோபாலசாமி என்று படித்ததுமே தெரிந்தது. மருத்துவமனையில் என் மனைவி என் கையைப் பற்றிக்கொண்டு, 'இந்த நாட்டை விட்டுப் போகாதீர்கள், நாம் கண்ட கனவை நீங்கள் இங்கேயே இருந்து நிறைவேற்றுங்கள்' என்று சொன்னாளாம். அவளுடைய கடைசி வார்த்தைகள் அவையாம்.

"இது நடக்கல சார்," என்றேன்.

"யாரு செக் பண்ணப் போறா? ஹாஸ்பிடல் ரூம்ல நீங்க ரெண்டு பேருதானே," என்றார் ராமசுப்ரமணியன்.

"அவ ஹாஸ்பிடலுக்கு வர்றப்பவே நினைவில்ல. எதுவும் பேசல."

"நினைவு இருந்திருந்தா இதத்தானுங்களே சொல்லியிருக்கும்," என்றார் கோபாலசாமி. "புருசன் நல்லா இருக்கோணும்னுதான் எந்தப் பொண்ணும் நெனைக்கும். நாம ஒண்ணும் கெட்டதா எழுதலியே."

"அவ இப்படிப் பேச மாட்டா."

"எப்பிடி?"

"கனவுன்னெல்லாம்."

வக்கீல் பேனா மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "சபரி, ஃப்ராங்கா சொல்றேன். இந்தப் பாரா இல்லன்னா இது வெறும் பேப்பர். அடுத்த மாசம் கிளம்ப வேண்டியதுதான். இது இருந்தா ஒரு சான்ஸ் இருக்கு. ஒரு லைன்தான். ஒரே ஒரு லைன்."

அவர் சொன்னது சரி. எனக்கு இங்கே இருக்க வேண்டும். அந்த அபார்ட்மெண்டில், நாங்கள் உட்கார்ந்து காபி குடித்த ஜன்னல் பக்கம். கையெழுத்துப் போட்டால் இருக்கலாம். ஆனால் போட்டால் அரசாங்கக் கோப்பில் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான் என்று ஆகிவிடும். கோபாலசாமி அதை எல்லோரிடமும் சொல்வார். ஈரோட்டுக்கும் போய்ச் சேரும். அவளுடைய அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். கொஞ்ச நாளில் எனக்கே அவள் குரலில் அது கேட்கத் தொடங்கிவிடும். அவள் பேசியதில் மிச்சம் இருப்பது குறைவு. அதில் ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டு அந்த ஜன்னல் பக்கம் உட்கார முடியாது.

அந்தப் பத்தியின் மேல் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது கோடும் போட்டேன். பேனாவை மூடி வக்கீல் பக்கம் நகர்த்தினேன்.

"அப்பறம் நீங்க ஊருக்குத்தான்," என்றார் அவர்.

"ஆமாங்க."

கோபாலசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து பின்பக்கக் கதவு வரைக்கும் போனார். பந்தல் கால் நட்ட குழிகள் இன்னும் மூடப்படாமல் இருந்தன. அவற்றைப் பார்த்தபடி நின்றார்.

கண்மணி ஆண்ட்டி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மார்ச் மாதத்திலிருந்து யாரும் கேட்காததைக் கேட்டார்.

"நெசமா என்ன கண்ணு சொன்னா?"

சொன்னேன். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் பார்க்கிங்கில் காருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மிரர்ல நீங்க மட்டுந்தான் தெரியறீங்க."